மாஸ்டருக்கு நாங்க பட்ட கடன்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு, ஒரு தே தாரிக் குடிச்சுக்கிட்டே நிதானமா படிங்க. கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

நாங்க பெட்டாலிங் ஜெயாவுல ஒரு பிள்ளையார் கோயில் தொண்டர்கள். எட்டு ஒன்பது பேர். பூக்கட்டுறது, அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிறது, திருவிழாவுல கார் பார்க்கிங் பார்க்கிறது, சனிக்கிழமை தேவார வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைக்கிறது, இதுதான் எங்க வேலை. கோயில் பேரை வேணும்னே போடல. இந்தக் கதையில தப்பு எங்க மேல. கோயில் பேர் கெட வேணாம்.

எங்க சனிக்கிழமை வகுப்புல 2007-லேருந்து பதினொரு வருஷம் மிருதங்கம் சொல்லிக் கொடுத்தவர் ஒருத்தர் இருந்தார். நாங்க எல்லாரும் அவரை 'மாஸ்டர்'னுதான் கூப்பிடுவோம். ஒரு வெள்ளி சம்பளம் வாங்கினதில்ல. தோட்டத்துல பொறந்து வளர்ந்தவர். சின்ன வயசுல தோட்டத்து மாரியம்மன் கோயில் தவில்காரர் பக்கத்துல உட்கார்ந்து கை தட்டிப் பழகினது, அப்புறம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு வித்வான்கிட்ட முறையா மிருதங்கம். மாஸ்டர் கத்தோலிக்கர். ஞாயித்துக்கிழமை மாதா கோயில் தமிழ்ப் பூசையில வாசிப்பார், சனிக்கிழமை எங்க ஹாலுக்கு வருவார். ரெண்டுக்கும் அதே மிருதங்கம், அதே பச்சை உறை.

வந்ததும் கால் கழுவிட்டுத்தான் ஹாலுக்குள்ள வருவார். பிரசாதத்தை ரெண்டு கையாலயும் வாங்குவார். திருநீறு கொடுத்தா பூச மாட்டார், ஆனா வேணாம்னும் சொல்ல மாட்டார். ஒரு காகிதத்துல பத்திரமா மடிச்சு வச்சுக்கிட்டு, வகுப்பு முடிஞ்சதும் ஏதாவது ஒரு பிள்ளை கையில கொடுத்து, "நெத்தியில வச்சுக்கோ, கீழ சிந்தாதே"ன்னு சொல்வார். அவர் எங்களை மாத்த நினைச்சதில்ல. நாங்களும் அவரை மாத்த நினைச்சதில்ல. பதினொரு வருஷமும் அப்படியே ஓடிச்சு.

2018 ஆகஸ்டுல தமிழ்நாட்டுல ஒரு சண்டை கிளம்பினது பலருக்கு ஞாபகம் இருக்கும். கர்நாடக சங்கீதக் கலைஞர்கள் கிறிஸ்தவப் பாட்டு பாடலாமான்னு கேட்டு வாட்ஸ்அப்ல வசை மழை. ஓ.எஸ். அருண் ஒப்புக்கொண்ட ஒரு நிகழ்ச்சியிலேருந்து விலகினார். டி.எம். கிருஷ்ணா நேர்மாறா, இனி மாசம் ஒரு பாட்டு இயேசுவைப் பத்தியோ அல்லாவைப் பத்தியோ வெளியிடப் போறேன்னு சொன்னார். அந்தச் சண்டை கடல் தாண்டி எங்க கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துச்சு. யாரோ ஒருத்தர் கேட்டார்: "அது சரி, நம்ம நவராத்திரி மேடையில மிருதங்கம் வாசிக்கிறவர் யாரு?"

அவ்வளவுதான். ரெண்டு நாள்ல முப்பது மெசேஜ். நிர்வாகத்துல, "இந்த வருஷம் மட்டும் வேற ஆளைப் போடுவோம், பிரச்சனை வேணாம்"னு முடிவு. மாஸ்டர்கிட்ட சொல்ற வேலையை எங்க தலையில கட்டினாங்க. எங்கள்ல ஒருத்தருக்கும் நேர்ல போய்ச் சொல்லத் தைரியம் வரல. "மாஸ்டர், இந்த வருஷ நிகழ்ச்சியில கொஞ்சம் மாற்றம்"னு ஒரு மெசேஜ் தட்டிவிட்டோம்.

அவர் பதில் இன்னும் எங்க போன்ல இருக்கு. "சரிங்க. பிள்ளைங்களை ஆதி தாளம் மூணு காலமும் விடாம சாதகம் பண்ணச் சொல்லுங்க." அடுத்த சனிக்கிழமை அவர் வரல. அதுக்கடுத்த சனிக்கிழமையும் வரல. நாங்க கூப்பிடவும் இல்ல. 2020 மார்ச்சுல எம்.சி.ஓ. போட்டாங்க, கோயிலே சாத்தியாச்சு. அதைச் சாக்கா வச்சு நாங்களும் மறந்துட்டோம். மறந்த மாதிரி இருந்தோம்னு சொல்றதுதான் உண்மை.

போன மாசம் மாஸ்டரோட வீட்டம்மா கூப்பிட்டாங்க. "தம்பி, மாஸ்டருக்கு ஸ்ட்ரோக் வந்து ஆறு மாசமாச்சு. இடது கை வரல. எங்க கோயில் திருவிழாவுக்குத் தமிழ்ப் பூசையில வாசிக்க ஆளில்ல. அவர் பழக்கின பிள்ளைங்க உங்ககிட்டதானே இருக்காங்க, யாராவது வருவாங்களான்னு கேக்கச் சொன்னார். கட்டாயம் இல்ல தம்பி."

யோசிச்சுப் பாருங்க. எங்க மேடையில அவர் வாசிக்கக் கூடாதுன்னு அனுப்பினோம். இப்ப அவங்க பலிபீடத்துக்குப் பக்கத்துல எங்க பிள்ளைங்க வந்து வாசிக்கலாம்னு அவர் கூப்பிடுறார்.

அன்னைக்கு ராத்திரி மாமாக் கடையில உட்கார்ந்து எங்களுக்குள்ளயே பெரிய வாக்குவாதம். எங்கள்ல ஒருத்தர் வெளிப்படையா கேட்டார்: "நம்ம மிருதங்கம், நம்ம ராகம், நம்ம குத்துவிளக்கு, நம்ம ஆரத்தி. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நம்ம ஆளுங்களை இழுக்கிறாங்க. அதுக்கு நம்ம பிள்ளைங்களே போய் வாசிக்கணுமா?"

இந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கிறவங்க பக்கத்துல வந்து, உங்க சாமியை விட்டா குணமாகும்னு சொல்றவங்களை நாங்களே பார்த்திருக்கோம். அது தப்பு. இன்னைக்கும் சொல்றோம், நாளைக்கும் சொல்வோம். ஆனா கிறிஸ்தவங்க தமிழ் ராகத்துல பாடுறதும் அதே கணக்குல சேருமா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஒரு வாரம் தேடித் தேடிப் படிச்சோம். படிச்சதுல சிலதைச் சொல்றோம்.

முதல்ல, இது நேத்து போட்ட வேஷம் இல்ல. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல பிறந்தவர். ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ்கிட்ட வளர்ந்தார். சரபோஜி மன்னரோட ஒண்ணா படிச்சவர். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூணு பேரும் வாழ்ந்த அதே காலம், அதே தஞ்சைச் சீமை. அங்க ஒரு தமிழனுக்குப் பக்தின்னா அது ராகம் தாளத்தோடதான் வாயில வரும். அவர் கீர்த்தனை எழுதினார். குற்றாலக் குறவஞ்சி போல 'பெத்லகேம் குறவஞ்சி'யும் எழுதினார். அவர் பாட்டுகள் பலதும் 1853-ல அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தொகுத்த கீர்த்தனைப் புத்தகத்துல சேர்ந்து சபைகளுக்குப் பரவுச்சு.

இதுல எங்களுக்கே ஆச்சரியமான விஷயம் ஒண்ணு இருக்கு. சாஸ்திரியாரைத் தடுத்தவங்க இந்துக்கள் இல்ல. அவர் சபைக்குப் புதுசா வந்த மிஷனரிமாரே, தமிழ்ச் சங்கீதம் வேணாம், கல்யாணத்துலயும் திருவிழாவுலயும் பூ வேணாம்னு சொன்னாங்க. அவர் எதிர்த்து எழுதினார். அதே மனுஷர் ஜாதி விஷயத்துல பழைய வழக்கத்துக்குத்தான் வக்காலத்து வாங்கினார், அதையும் மறைக்க வேணாம். ஆனா பாட்டு விஷயத்துல அவர் கேட்டது நியாயமான கேள்வி: கிறிஸ்தவனா ஆனா தமிழன் காது மாறிப் போயிடுமா?

அதுக்கு முன்னாடி வந்தவங்க வேற வழியில போனாங்க. 1706-ல சீகன்பால்க் தரங்கம்பாடியில வந்து இறங்கினார். அவருக்கப்புறம் வந்த பாப்ரிசியுஸ் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழ்ச் சொல்லுல கொடுத்தார். மெட்டு ஐரோப்பா மெட்டு, வார்த்தை தமிழ். அதுக்கு ஞானப்பாட்டுன்னு பேர். சாஸ்திரியார் வழி வந்தது கீர்த்தனை. இன்னைக்கும் தமிழ்ச் சபைகள்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது. தரங்கம்பாடி லுத்தரன் மரபைச் சேர்ந்த தமிழர்கள் மலாயாவுக்கு வேலைக்கு வந்தப்ப அந்தப் பாட்டுகளும் கூடவே கப்பல் ஏறுச்சு. பிரிக்ஃபீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் ஆலயம் அவங்க கட்டினது. கந்தசுவாமி கோயிலும் அதே வட்டாரம்தான். ரயில்வேயில ஒண்ணா வேலை செஞ்ச ஆளுங்க, சாயங்காலம் ஆளுக்கொரு பக்கம் சாமி கும்பிடப் போனாங்க.

கத்தோலிக்கர் கதை வேற. ரொம்ப காலம் அவங்க பூசை லத்தீன்ல. 1963-ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம், அவங்கவங்க மொழியில வழிபடலாம், அந்தந்த மக்களோட இசை மரபுக்கு உரிய மதிப்புக் கொடுக்கணும்னு சொல்லுச்சு. 1969-ல இந்தியாவுக்குன்னு பன்னெண்டு மாற்றங்களுக்கு ரோம் அனுமதி கொடுத்தது. கைகூப்பிக் கும்பிடுறது, தரையில உட்கார்றது, ஆரத்தி, எண்ணெய் விளக்கு எல்லாம் அதுலதான் வருது. அப்பவும் கத்தோலிக்கர்ல பல பேர், "இது இந்துக்கள் வழக்கமாச்சே"ன்னு சத்தம் போட்டாங்க. நம்ம ஆளுங்க 'திருடுறாங்க'ன்னு சொல்ற அதே ஆரத்தியை, அவங்க ஆளுங்க 'தீட்டு'ன்னு சொன்னாங்க. நடுவுல மாட்டிக்கிட்டது பாட்டுக்காரன்தான்.

உலகம் பூரா இதே கதைதான். லூத்தர் 1524-லயே ஜெர்மன் மொழியில பாட்டுப் புத்தகம் போட்டதுக்குக் காரணம், ஜனங்களுக்கு லத்தீன் புரியல. எத்தியோப்பியாவுல ஆறாம் நூற்றாண்டு யாரேது முனிவரை முன்னோடியாச் சொல்ற சபையில இன்னைக்கும் பெரிய முரசு அடிச்சுத்தான் ஆராதனை. காங்கோவுல 1958-ல ஹாசன்னு ஒரு பெல்ஜியம் பாதிரியார், உள்ளூர்ப் பையன்களை வச்சு அவங்க முரசோடயே லத்தீன் பூசையைப் பாட வச்சார். 'மிஸ்ஸா லூபா'ன்னு உலகம் முழுக்கப் பேர் வாங்குச்சு. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்த் தோல்கருவி இல்லாம சாமி இறங்கி வரமாட்டார் போல.

சரி, அவங்க நம்மகிட்ட எடுத்தாங்க. நாம அவங்ககிட்ட எடுத்தோமா? இங்கதான் எங்களுக்கு வாய் அடைச்சுப் போச்சு. எங்க வெள்ளிக்கிழமை பஜனையில முன்னால இருக்கிற ஹார்மோனியம் ஐரோப்பாவுல பொறந்தது. கச்சேரியில வயலின் இல்லாம முடியாது. அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்னு எல்லாரும் சொல்ற பாலுசுவாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியர்கிட்டதான் கத்துக்கிட்டார். அவர் அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர், வெள்ளைக்காரன் பேண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதி நம்ம சாமிகளைப் பாடினார். நோட்டுஸ்வரம்னு பிள்ளைகளுக்கு இன்னைக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். அதுல ஒண்ணு பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டு. அதைப் பாடினதால தீட்சிதர் பக்தி குறைஞ்சுடுச்சா என்ன?

இன்னும் ரெண்டு பேரைச் சொல்லணும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர், முன்சீப்பா வேலை பார்த்தவர். அவர் எழுதின 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்'லேருந்து இன்னைக்கும் கச்சேரி மேடையில இந்து வித்வான்கள் பாடுறாங்க. ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூர் சித்த வைத்தியர். 1917-ல 'கருணாமிர்த சாகரம்'னு தலையணை தண்டிக்கு ஒரு புத்தகம் போட்டார். சிலப்பதிகாரம் வரைக்கும் போய், தமிழ்ப் பண்தான் இந்த இசைக்கு வேர்னு சாதிக்கப் பார்த்தார். அவர் கணக்கை எல்லாரும் ஒத்துக்கல. ஆனா பண் ஆராய்ச்சின்னு பேச ஆரம்பிச்சா அவர் பேரைத் தாண்டிப் போக முடியாது. நாம சனிக்கிழமை சனிக்கிழமை பெருமையா 'பண்ணோடு தேவாரம்'னு சொல்றோமே, அந்தப் பண்ணுக்காகச் சொந்தக் காசைக் கொட்டி உழைச்சவர் ஒரு கிறிஸ்தவர். திருவாவடுதுறை ஆதீன வித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு உ.வே.சா. மாதிரியே இன்னொரு மாணவர் சவேரிநாத பிள்ளை. அவரும் கிறிஸ்தவர். சைவ மடத்து வித்வான் யாரையும் பார்த்து 'நீ யார் மேடையில வாசிக்கப் போறே'ன்னு கேட்கல. நாங்க கேட்டோம்.

இதையெல்லாம் பிள்ளைகளோட பெற்றோர்கிட்ட சொன்னோம். மாஸ்டர்கிட்ட நல்லா கத்துக்கிட்ட பையன்கள் மூணு பேர். அப்ப ஆரம்பப் பள்ளி, இப்ப காலேஜ். ஒரு அப்பா, "அண்ணே, நீங்க சொல்றது புரியுது. ஆனா என் மவன் அங்க போக வேணாம். எனக்கு மனசு ஒப்பல"ன்னார். சரின்னு விட்டுட்டோம். ஒப்பாத மனசை இழுத்துட்டுப் போனா, நாமளும் நாம குத்தம் சொல்றவங்க மாதிரி ஆயிடுவோம். மத்த ரெண்டு பேர் வந்தாங்க. துணைக்கு நாங்க ஆறு பேர்.

மாதா கோயில் வாசல்ல பையன்கள் ரெண்டு பேரும் தன்னால செருப்பைக் கழட்டினாங்க. ஒரு பாட்டி சிரிச்சுக்கிட்டே, "இங்க போட்டுக்கிட்டே வரலாம்பா"ன்னாங்க. "இல்ல பாட்டி, மிருதங்கம் இருக்கு"ன்னு ஒருத்தன் சொன்னான். அந்தப் பாட்டியும் தன் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனாங்க. வாசல்ல நின்ன பெரியவர் எங்ககிட்ட, "வாங்க, வாங்க. பின்னாடி பெஞ்சுல உட்காருங்க. நற்கருணைக்கு வரிசை போகும்போது நீங்க எழும்ப வேணாம். சங்கடப்படாதீங்க"ன்னு மரியாதையா சொன்னார். மத்த மதத்துக்காரங்க நம்ம கோயிலுக்கு வந்தா இப்படி வாசல்ல நின்னு பதமா எடுத்துச் சொல்ல நம்மகிட்ட ஆள் இருக்கான்னு யோசிச்சோம்.

எங்களுக்கு முன்னாடி சீனர்களோட மாண்டரின் பூசை முடிஞ்சு கூட்டம் வெளிய வந்துச்சு. எங்களுக்கு அப்புறம் பகாசா மலேசியாவுல. அதுக்கு வந்த சபா, சரவாக் பிள்ளைங்க கார் பார்க்ல கிட்டார் வச்சுப் பாடிப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒரே கட்டடம், ஒரே சாமி, மணிக்கு மணி சத்தம் மாறுது. தமிழ்ப் பூசையில பலிபீடத்துக்குப் பக்கத்துல குத்துவிளக்கு, கீபோர்டு, அதுக்குக் கீழ பாய் விரிச்சு எங்க பையன்கள்.

முதல் பாட்டு ஆரம்பிச்சதும் எங்கள்ல தேவாரம் பாடுறவர் எங்களைத் தொட்டு, "பழம்பஞ்சுரம்"னார். பழம்பஞ்சுரம்னா சங்கராபரணம். வெள்ளைக்காரன் மேஜர் ஸ்கேல்னு சொல்றதும் சுர வரிசையில அதேதான். கீபோர்டுக்காரர் வாசிச்சா ஆங்கிலப் பாட்டு மாதிரி இருக்கு. பாடுற அம்மா ஒரு சுரத்தை அசைச்சு இழுத்தா நம்ம ஓதுவார் குரல் மாதிரி இருக்கு. பாதைக் கல்லு ஒண்ணுதான், நடக்கிற நடைதான் வேற.

முன் வரிசை ஓரத்துல சக்கர நாற்காலியில மாஸ்டர். ரொம்ப இளைச்சுட்டார். இடது கை மடியில சும்மா கிடக்கு. வலது கை தொடையில தாளம் போடுது. காணிக்கைப் பாட்டுல பையன்கள் பதட்டத்துல ஓட ஆரம்பிச்சாங்க. பாடுறவங்க தடுமாறினாங்க. மாஸ்டர் ஒரு விரலை மட்டும் தூக்கினார். அவ்வளவுதான். ரெண்டு பேரும் காலத்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்கிட்டாங்க. ஏழு வருஷத்துக்கு மேல பார்க்காத பிள்ளைங்க. ஒரு விரல் போதுமா இருந்துச்சு. எங்கள்ல ரெண்டு பேர் அழுதுட்டோம். யாருன்னு கேக்காதீங்க.

பூசை முடிஞ்சு வெளிய பந்தல்ல சாப்பாடு. நம்ம அன்னதானம் மாதிரியே நீள மேசை, பெரிய அண்டா. நாங்க மாஸ்டர்கிட்ட போனோம். என்ன சொல்லணும்னு கார்லயே பேசி வச்சிருந்தோம். "மாஸ்டர், அன்னைக்கு நாங்க நேர்ல வந்து சொல்லியிருக்கணும்..."னு ஆரம்பிச்சோம். அவர் எங்களைப் பார்க்கல, மிருதங்கத்தைப் பார்த்தார். வாய் கொஞ்சம் கோணினாலும் பேச்சு தெளிவா வந்துச்சு.

"தொப்பிக்கு யார் ரவை பூசினது? தண்ணி ஜாஸ்தி. அதான் சத்தம் கம்முன்னு இருக்கு."

திரும்ப ஆரம்பிச்சோம். கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழிச்சு, "மெசேஜ் பார்த்தப்ப கஷ்டமாத்தான் இருந்துச்சு. மேடை போனதுக்கு இல்ல. பதினொரு வருஷம் பழகினவங்க வீட்டு வாசலுக்குக் கூட வரலையேன்னு"ன்னார். நாங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னோம். அதுக்குப் பதில் எங்ககிட்ட இல்ல.

அப்புறம் அவரே கேட்டார்: "சனிக்கிழமை கிளாஸ் யார் எடுக்கிறா?"

"யாரும் இல்ல மாஸ்டர். நின்னு போச்சு."

"வலது கை இருக்கு. வாய் இருக்கு. சொற்கட்டு சொல்லிக் கொடுக்கலாம். பிள்ளைங்க முதல்ல வாயால சொல்லட்டும், அப்புறம் கை தானா வரும்."

உறவுகளே, இந்தப் பதிவு எழுதின காரணம் இதுதான். வர்ற நிர்வாகக் கூட்டத்துல நாங்க ரெண்டு விஷயம் கேட்கப் போறோம். ஒண்ணு, சனிக்கிழமை மிருதங்க வகுப்பு மறுபடியும் ஹால்ல நடக்கணும், மாஸ்டர் வரணும். ரெண்டு, நவராத்திரி மேடையில பிள்ளைங்க வாசிக்கும்போது குரு ஸ்தானத்துல அவருக்கு ஒரு நாற்காலி. அவர் திருநீறு பூசணும்னு கேட்க மாட்டோம். அவரும் நம்ம பிள்ளைங்களை ஜெபம் சொல்லச் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டார். வகுப்புல மதம் பேசினா வகுப்பை நிறுத்துற முதல் ஆள் நாங்கதான். இதை எழுத்துல தரவும் தயார்.

மாட்டேன்னு சொல்றவங்க இருப்பீங்க. உங்க பயத்தை நாங்க கேலி பண்ணல. தயவு செஞ்சு வாட்ஸ்அப்ல எழுதாதீங்க, கூட்டத்துக்கு வந்து நேர்ல சொல்லுங்க. வாட்ஸ்அப்ல ஒரு தடவை பட்டது போதும்.

ஹாலுக்கு ஏற மூணு படி இருக்கு. சக்கர நாற்காலி ஏறாது. சாய்வுப் பலகை செய்ய ஓல்ட் டவுன்ல ஒரு தச்சர் ஒத்துக்கிட்டார், பலகைக்கு எங்கள்ல எல்லாரும் காசு போட்டாச்சு. இனி அனுமதி மட்டும்தான் பாக்கி.

திருச்சிற்றம்பலம்.